வெட்டவெளியில் நிற்கும் பழைய விமானங்களைப் படமெடுப்பது: போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

சிலியாவ், ரந்தாவ், லுக்குட் வட்டாரத்துத் தோட்டங்களில் கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பழைய விமானம் எட்டாத பொருள் அல்ல. போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்தின் வெளிமுற்றம் மோட்டாரில் போய்வரும் தூரம்தான். நாட்டில் வேறு பல இடங்களிலும், முகாம் வாசலில், பூங்காவில், சாலை ஓரத்தில், சேவை முடிந்த விமானங்கள் மேடையேறி நிற்கின்றன. பறக்கும் விமானத்தை எடுக்கும்போது வேகம் தொல்லை கொடுக்கும். நிற்கும் விமானத்தில் தொல்லையே அது நிற்பதுதான். அதைத் திருப்பி வைக்க முடியாது, பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பிடுங்கவும் முடியாது. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதிலேயே படத்தின் முக்கால் பங்கு முடிவாகிவிடும். கேமராவின் விலை அதற்குப் பிறகுதான்.

வெயில் கணக்கு

மலேசியக் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. போர்ட்டிக்சனில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக மதியம் 1.13 மணிக்கு. பிப்ரவரி நடுவில் அது ஏறக்குறைய 1.27 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12.57க்கே வந்துவிடும். சூரிய உதயமும் அதேபோல் நகரும்: பிப்ரவரியில் 7.25 ஒட்டி, நவம்பர் தொடக்கத்தில் 6.55 ஒட்டி.

இதில் நமக்கு லாபம் உண்டு. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலேறும், மணிக்குச் சுமார் 15 பாகை. காலை 9 மணிக்கு வாசல் திறந்தால்கூட அப்போது சூரியன் 23 முதல் 30 பாகை உயரத்தில்தான் இருக்கும். பக்கவாட்டில் விழும் நல்ல வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கையில் இருக்கிறது. மாலையில் 5 மணிக்கு மூடும் இடமென்றால் கடைசி அரை மணி நேரம் பயன்படும். 5 மணிக்குச் சூரியன் 30 பாகையை ஒட்டி இறங்கியிருக்கும். ஆனால் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம், குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில். ஆகவே மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். காலையை முதலில் பிடியுங்கள்.

செயலி எதுவும் இல்லாமல் நேரம் பார்க்க ஒரு வழி: உங்கள் நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில் இருக்கிறது. நிழல் அதைவிடக் குட்டையாகிவிட்டால் முழு விமானப் படத்தை நிறுத்திவிடுங்கள். காலையில் அது மாதத்தைப் பொறுத்து 10.05க்கும் 10.40க்கும் இடையில் நடக்கும். அதற்குப் பிறகு இறக்கையின் நிழல் உடல்பகுதி மேல் கறுப்புப் பட்டையாக விழும், முதுகு வெளுத்துப்போகும், வயிறு இருண்டுபோகும். எந்தக் கேமராவும் அதை அழகாக்காது. 10.30 முதல் 4 வரை நெருக்கப் படங்களுக்கு ஒதுக்குங்கள், அல்லது பசியாறப் போய்விடுங்கள்.

அடுத்தது மாதம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2.5 பாகையில் இருப்பதால் ஜூனில் சூரியன் நாள் முழுதும் வடக்கே சாய்ந்தே போகும். நண்பகலில் வடவானில் 69 பாகை. டிசம்பரில் தெற்கே சாய்ந்து 64 பாகை. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் நேர் உச்சிக்கு வந்து நிழலையே தின்றுவிடும்.

இதை விமானத்தோடு பொருத்திப் பாருங்கள். மூக்கு கிழக்கே பார்த்து நிற்கும் விமானத்தின் இடப்பக்கம் வடக்கு. மே முதல் ஜூலை வரை அந்தப் பக்கத்துக்குத்தான் வெளிச்சம். வலப்பக்கம் நாள் முழுதும் நிழலில் கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை இது தலைகீழ். காலை வெளிச்சம் மூக்குக்கு, மாலை வெளிச்சம் வாலுக்கு. அதனால் ஜூன் காலையில் இடமுன் மூலையில் நின்றால் மூக்கு, பக்கம் இரண்டும் ஒளியில் இருக்கும். மூக்கு மேற்கே என்றால் மாலைதான் வழி. "படம் நன்றாக வரவில்லை" என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் தவறான மாதத்தில் தவறான பக்கத்தில் நின்றவர்கள்.

வீட்டில் இருந்தபடியே செயற்கைக்கோள் வரைபடத்தில் முற்றத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு விமானத்தின் மூக்கும் எந்தத் திசையில் இருக்கிறது என்று தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். காலை விமானங்கள், மாலை விமானங்கள் என்று அங்கேயே பிரிந்துவிடும். வரைபடப் படம் பழசாக இருக்கலாம், விமானங்கள் இடம் மாறியிருக்கலாம். போனதும் முதல் சுற்றில் சரிபாருங்கள்.

பையில் போடுவது

கைப்பேசி போதும், கேமரா இருந்தால் நல்லது. லென்ஸ் என்றால் 24-70 மி.மீ. வகை ஒன்று எண்பது விழுக்காட்டு வேலையை முடிக்கும். விமானத்தின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகக் காட்டும் துண்டுப் படங்களுக்கு 70-200 அல்லது 55-250. போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் வடிகட்டி) ஒன்று. மைக்ரோஃபைபர் துணி இரண்டு. ஒரு பட்டரி மிகையாக.

கடையில் கேமரா சாமான் பிரிவில் கிடைக்காத மூன்று பொருள்கள்: காலியான உரச்சாக்கு (உள்ளே பிளாஸ்டிக் உறை இருப்பதால் ஈரப் புல்லில் முட்டி போட, படுக்க இதைவிட நல்லது இல்லை), தோட்டத்து ரப்பர் பூட்ஸ், காரின் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி நிற வெயில் மறைப்பு. கடைசியில் சொன்னதைப் புல்லில் விரித்தால் இறக்கைக்கு அடியில் இருக்கும் சக்கரத்துக்கும் இயந்திரத்துக்கும் கீழிருந்து வெளிச்சம் ஏறும். இரண்டு விரித்தால் இன்னும் நல்லது.

குளிர்சாதனக் காரில் இருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டு லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும், உள்ளே புகுந்தால் இன்னும் மோசம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் கேமராவை மூடி, 20 முதல் 30 நிமிடம் வெளியே வெப்பத்துக்குப் பழக விடுங்கள். அந்த நேரத்தில் கேமரா இல்லாமல் முற்றத்தை ஒரு சுற்று நடந்துவிடலாம். வீடு திரும்பியதும் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை லென்ஸுக்குள் வலை பின்னும்.

எத்தனை அடி தள்ளி நிற்பது

கைப்பேசிக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, விமானத்துக்குப் பக்கத்தில் போய் 0.5 என்று காட்டும் அகல லென்ஸில் எல்லாவற்றையும் அடக்குவது. மூக்கு பூசணிக்காய் போல் வீங்கும், வால் சுருங்கி எங்கோ ஓடிவிடும். விமானத்தின் உண்மையான உருவம் வேண்டுமென்றால் தள்ளி நிற்க வேண்டும், நீளமான லென்ஸ் வேண்டும்.

தூரத்தைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் அகலம் 36 மி.மீ. விமானத்தின் நீளத்தோடு 20 விழுக்காடு ஓரம் கூட்டி, லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, 36ஆல் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் மீட்டரில் வரும்.

ஆஸ்திரேலியாவில் கட்டிய சேபர் ஜெட் விமானம் சுமார் 11.4 மீட்டர் நீளம். ஓரத்தோடு 13.7. அதை 50 மி.மீ. லென்ஸில் பக்கவாட்டில் எடுக்க 19 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 85 மி.மீ. லென்ஸில் 32 மீட்டர், கைப்பேசியின் முதன்மை லென்ஸில் (பெரும்பாலும் 24 மி.மீ. அளவுக்குச் சமம்) 9 மீட்டர். கரிபூ சரக்கு விமானம் 22 மீட்டர் நீளம், ஓரத்தோடு 26.5. அதற்கு 50 மி.மீ. என்றால் 37 மீட்டர், 35 மி.மீ. என்றால் 26, 24 மி.மீ. என்றால் 18. சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் லென்ஸ் எண்ணை 1.5ஆல் பெருக்கிவிட்டு இதே கணக்கைப் போடுங்கள். கேனன் என்றால் 1.6. பெரியவர் ஒருவரின் நடை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். 19 மீட்டர் என்பது 25 எட்டு.

முற்றத்தில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் 24க்குக் கீழே போகாதீர்கள். 50 மி.மீ. லென்ஸில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, ஒரே இடத்தில் நின்றபடி இடமிருந்து வலமாக ஐந்தாறு படம் எடுத்துக் கணினியில் ஒட்டுங்கள். அடுத்தடுத்த படங்கள் 30 முதல் 40 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். எக்ஸ்போஷர் (ஒளியளவு), ஃபோகஸ், நிறச்சமன் (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் படத்துக்குப் படம் மாறாதபடி பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். விமானத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே எடுத்தால் பின்னால் உள்ள வேலி, மரம் எல்லாம் முறிந்து முறிந்து வரும். ஒட்டும் மென்பொருள் இறக்கை நுனியைத்தான் முதலில் தின்னும்.

ஒரு விமானத்தைச் சுற்றும் வரிசை

1. அறிவிப்புப் பலகையை முதலில் எடுங்கள். வீட்டில் நூறு படங்களைப் பிரிக்கும்போது எந்தப் படம் எந்த விமானம் என்ற குழப்பம் வராது.

2. முன்மூலை, மூக்குக்கு நேராக இருந்து 30 முதல் 45 பாகை விலகி. உயரம் முக்கியம்: நின்ற உயரத்தில் எடுத்தால் விமானம் நிறுத்திவைத்த வேன் மாதிரித் தெரியும். சக்கர உயரத்துக்குத் தாழ்ந்தால் உடல் வானத்தில் ஏறும், பின்னால் உள்ள வேலியும் மக்களும் வயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொள்வார்கள்.

3. சரியான பக்கவாட்டு. இறக்கையின் நடுவுக்கு நேராக நின்று, கேமராவைச் சாய்க்காமல் பிடியுங்கள். இது அழகுக்கு எடுப்பதல்ல, பதிவுக்கு. மாடல் செய்பவர்கள் தேடுவது இந்தப் படத்தைத்தான்.

4. நேர் முன், நேர் பின். நடுக்கோட்டில் இருந்து ஒரு சாண் விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். முன்சக்கரமும் வால் நுனியும் ஒரே கோட்டில் வரும்வரை பக்கவாட்டில் நகருங்கள்.

5. பின்மூலை. பலரும் விட்டுவிடும் கோணம்.

6. கையை உயர்த்தியோ, அனுமதி இருந்தால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) முனையில் கேமராவைக் கட்டி டைமர் வைத்தோ, மேலிருந்து ஒன்று. இறக்கையின் மேற்பரப்பு அப்போதுதான் தெரியும்.

இந்த நடையைப் பழக விமானமே வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றி நிற்கும் லாரியைக் காலை 8 மணிக்கு ஒருமுறை இப்படிச் சுற்றிவந்தால் வெளிச்சம் எந்த மூலையில் எப்படி மாறுகிறது என்று கைக்குப் பிடிபடும். லாரியின் பின்னால் செம்பனை மட்டை ஒன்று கொம்பு முளைத்தது போல் நீட்டிக்கொண்டிருப்பதும் படத்தில்தான் தெரியும்.

எக்ஸ்போஷர்

அப்பெர்ச்சர் முன்னுரிமை முறை (லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்), லென்ஸ் திறப்பு எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. நல்ல வெயிலில் ஷட்டர் 1/250 முதல் 1/400 வரும். புழுக்கமான வெண்வானத்தில் 1/125 அளவுக்கு இறங்கும், அதுவும் கையில் பிடித்து எடுக்கப் போதும். எஃப்/16ஐத் தாண்டிப் போனால் குறுகிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையும், ஒன்றும் கூடாது.

ஃபோகஸை எங்கே வைப்பது? 35 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து 5 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால் ஃபுல் ஃபிரேமில் 2.5 மீட்டரில் இருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. 24 மி.மீ. லென்ஸில் 2.4 மீட்டர் போதும். 50இல் 10.4 மீட்டர். முன்மூலைப் படத்தில் மூக்கு கூர்மையாகவும் வால் மங்கலாகவும் வந்தால் நீங்கள் மூக்கு நுனியில் ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள். இறக்கை தொடங்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நம் வானத்தைப் பார்த்து ஏமாறும். இங்கே வானம் பெரும்பாலும் நீலமல்ல, பால் வெள்ளை. கரும்பச்சை உருமறைப்பு விமானத்தை அந்த வெள்ளைக்கு எதிரே வைத்தால் கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கி விமானத்தைக் கரியாக்கும். +1 அல்லது +1.3 ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு). பூச்சில்லாத அலுமினிய விமானத்துக்கு எதிர்த்திசை: -0.3 முதல் -0.7 வரை. வளைவுகளில் சூரியன் நேரடியாகத் தெறிக்கும் சிறு புள்ளிகள் வெளுக்கத்தான் செய்யும், அதற்காகப் படம் முழுவதையும் இருட்டாக்க வேண்டாம். பெரிய பரப்பு வெளுக்கிறதா என்பதை மட்டும் கேமரா திரையின் ஒளிப்பரவல் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) பாருங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) எடுப்பவர்கள் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் வரிசையாக எடுத்துவைத்தால் சக்கரக் குழியின் இருட்டையும் மேகத்தையும் பிறகு சேர்க்கலாம்.

நிறச்சமனைத் தானியங்கியில் விடாதீர்கள். படத்தில் பாதி புல்லும் செம்பனையுமாக இருந்தால் கேமரா அந்தப் பச்சையை ஈடுகட்ட விமானத்தை ரோஜா நிறத்துக்குத் தள்ளும். பகல்வெளிச்ச அமைப்பில், அதாவது 5200 முதல் 5500 கெல்வினில், பூட்டிவிடுங்கள்.

தூரத்தில் இருந்து நீண்ட லென்ஸில் எடுத்த படம் குழைந்து வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். தார்த்தரை சூடேறி எழும் கானல் அது. ஷட்டர் வேகம் எதுவும் அதைச் சரிசெய்யாது. காலையில் எடுப்பது, கிட்டப் போவது, புல்தரைக்கு மேலாக எடுப்பது, இவையே மருந்து.

போலரைசர் செய்வதும் செய்யாததும்

போலரைசரை மாட்டினால் எல்லாப் பளபளப்பும் போய்விடும் என்பது பாதி உண்மை. பூச்சில்லாத உலோகத்தில் இருந்து வரும் பிரதிபலிப்பை அது தொடாது. அலுமினிய விமானத்துக்கு முன் நின்று வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் தகடு அப்படியே மின்னும். வண்ணம் பூசிய பரப்பு, கண்ணாடி, ஈரப்புல், செம்பனை ஓலை, தேங்கிய தண்ணீர், இவற்றின் மேல்தான் அதன் வேலை. அதுவும் பரப்புக்கு 35 பாகை அளவில் சாய்ந்து பார்க்கும்போது மிகுதி. நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் நடக்காது. வெயிலில் வெளுத்துத் தெரியும் பழைய பச்சைப் பூச்சில் அதன் உண்மையான நிறம் போலரைசரைத் திருப்பியதும் மேலெழுந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விமானி அறையின் மேற்கூண்டு பெரும்பாலும் கண்ணாடியல்ல, பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக். போலரைசர் போட்டால் அதில் வானவில் பட்டைகள் தோன்றும். வார்க்கும்போது பொருளுக்குள் தங்கிவிட்ட இறுக்கம் அப்படி நிறமாகத் தெரிகிறது. சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காவிட்டால் அந்த ஒரு படத்துக்குப் போலரைசரைக் கழற்றுங்கள். திருப்பினால் பட்டை இடம் மாறுமே தவிரப் போகாது.

வானத்தைக் கறுக்க வைக்க நினைத்தால் சூரியனுக்கு 90 பாகை விலகிய பகுதியில்தான் முடியும். 28 மி.மீ.க்கு அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பாதி கருநீலமாகவும் மறுபாதி வெளுப்பாகவும் பிரிந்துவிடும். நம் ஈரவானத்தில் இந்த முயற்சியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. போலரைசர் 1 முதல் 2 ஸ்டாப் ஒளியைத் தின்னும் என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த விமானத்துக்கு எந்தக் கோணம்

மலேசிய விமானப்படையின் பழைய விமானங்கள் பல உயர் இறக்கை வகை. 1958இல் படைக்கு முதலில் வந்து சேர்ந்த டுவின் பயனீர் (அந்த முதல் விமானத்துக்கு வைத்த பெயர் லாங் ராஜாவாலி) அப்படிப்பட்டது. ஹெரால்ட், கரிபூ விமானங்களும் அப்படியே. இறக்கை மேலே இருப்பதால் நிழல் முழுக்க உடல்பகுதியில் விழும். இவற்றைச் சூரியன் 30 பாகைக்குக் கீழே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பட்டியலில் முதலிடம் இவற்றுக்கு.

டுவின் பயனீருக்கு வாலில் மூன்று நிமிர்ந்த தகடுகள். பின்மூலையில் நின்றால்தான் மூன்றும் பிரிந்து தெரியும். அது வால்சக்கர விமானம், நிற்கும்போதே மூக்கு மேலே தூக்கியிருக்கும். டக்கோட்டா விமானமும் அப்படித்தான். உடலின் கோட்டைப் பார்த்துக் கேமராவைச் சமப்படுத்தினால் தரை சரிந்துவிடும். பின்னால் உள்ள கட்டடத்தின் சுவரையோ கம்பத்தையோ பார்த்துச் சமப்படுத்துங்கள். கரிபூவின் இறக்கை உடலில் இருந்து சற்று இறங்கிப் பிறகு விரிவது, நேர் முன்னால் நின்றால் மட்டுமே தெரியும். அதன் வால் மேல்நோக்கி வளைந்து உயர்ந்தது, பின்மூலையில் தாழ்ந்து எடுத்தால் கம்பீரம்.

சேபர் 1969இல் ஆஸ்திரேலியா அன்பளிப்பாகத் தந்த ஜெட். மூக்கே காற்றுவாய், அதாவது இயந்திரத்துக்குக் காற்று போகும் வாய். அதன் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்கி, 10 முதல் 15 பாகை விலகி எடுங்கள். பறவை புகாமல் வாயைத் தகட்டால் மூடியிருந்தால் நேர் முன்படம் தட்டையாகிவிடும், அப்போது முன்மூலைக்கு வந்துவிடுங்கள். ஸ்கைஹாக் ஜெட் கொக்குக்கால் விமானம். படுத்து எடுத்தால்தான் அதன் உயரம் புரியும். தெபுவான் ஜெட்டில் விமானிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்வதால் முன்பக்கம் அகலம், நேர் முன்படத்துக்கு ஏற்றது.

நூரி ஹெலிகாப்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். மேலே சுழலும் ஐந்து அலகுகள் (பிளேடுகள்), சுழலும் விட்டம் 18.9 மீட்டர், அசையாமல் நிற்கும்போது நுனிகள் தொங்கும். உடலை மட்டும் பார்த்துச் சட்டகம் அமைத்தால் அலகு நுனி வெட்டுப்பட்டுப் படம் நொண்டியாகும். முன்னால் நீளும் அலகு விமானி அறைக் கண்ணாடியின் மேல் விழாதபடி இரண்டு எட்டு இடமோ வலமோ நகருங்கள்.

புரொப்பெல்லர் விமானத்திலும் அதே தொல்லை உண்டு. அலகு மறைக்கிறது என்று கையால் திருப்பாதீர்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் இயந்திரம் என்றாலும் தொடுவது தவறு. நீங்கள்தான் நகர வேண்டும்.

பின்னணி

விளக்குக் கம்பம் வாலில் இருந்து முளைப்பது, குப்பைத்தொட்டி சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப்பார்ப்பது, மஞ்சள் சங்கிலி வேலி நடுவில் ஓடுவது. படமெடுக்கும் முன் சட்டகத்தின் நான்கு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று ஓட்டுங்கள். பெரும்பாலும் ஓர் எட்டு நகர்ந்தாலே தீர்ந்துவிடும். சங்கிலி வேலியைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்து எஃப்/2.8 அல்லது எஃப்/4இல் மங்கலாக்கிவிடலாம். கூரைக்கு அடியில் நிறுத்திய விமானத்தில் வெளிவானம் தெரியாத கோணமாகத் தேடுங்கள்.

குடும்பத்தோடு போனால் ஆளைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மூக்குக்கு முன்னால் நிறுத்தினால் ஆள் பெரிதாகவும் விமானம் பொம்மையாகவும் தெரியும். தீபாவளி முடிந்த வாரத்தில் புதுச் சேலையோடு வருபவர்களுக்கு: உருமறைப்புப் பச்சைக்கு முன் மஞ்சளும் சிவப்பும் எடுபடும், பச்சைப் பட்டு காணாமல் போகும்.

உச்சி வெயிலில் துண்டுப் படங்கள்

சூரியன் மேலேறியதும் 70 முதல் 200 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். பக்கச்சுவரில் மேலிருந்து உரசி விழும் நண்பகல் வெளிச்சம் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையையும் தகட்டின் நெளிவையும் தூக்கிக் காட்டும். முழு விமானத்துக்குக் கெட்ட வெளிச்சம் இதற்கு நல்லது. எச்சரிக்கை வாசகங்கள், எரிபொருள் மூடி, டயரின் வெடிப்பு, நட்சத்திர வடிவில் அடுக்கிய சிலிண்டர்கள் (கரிபூவின் இயந்திரத்தில் 14, இரண்டு வரிசையில்), உரிந்த பூச்சுக்கு அடியில் தெரியும் பழைய பூச்சு. போர்ட்டிக்சன் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத்தில் வெண்பொடியாகப் பூக்கும். வெள்ளைப் பூச்சில் மழைநீர் வழியும் கோடுகளில் கறும்பாசி பிடிக்கும். மறைக்க வேண்டியதில்லை, அதுவும் அந்த விமானத்தின் நிலை.

கூண்டுக்குள் எடுக்க அனுமதித்தால் ரப்பர் மூடுவளையம் போட்ட லென்ஸைப் பெர்ஸ்பெக்ஸை ஒட்டிப் பிடித்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி எடுங்கள். சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, மோதிரம் எதுவும் உரசக்கூடாது. பெர்ஸ்பெக்ஸில் விழுந்த கீறல் போகாது.

மழை விட்ட பத்து நிமிடம் இந்த முற்றங்களின் பொன்னேரம். தூசி கழுவிப்போய் நிறம் ஆழமாகும், சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கி விமானம் தலைகீழாகத் தெரியும். கேமராவை நீர்மட்டத்தில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினால் கையளவு குட்டைகூட முழு விமானத்தையும் காட்டும். இடி இடிக்கும்போது இறக்கைக்கு அடியில் ஒதுங்காதீர்கள்.

அனுமதி, குளவி, மற்றவை

இராணுவ அருங்காட்சியகங்கள் முகாமை ஒட்டியே இருக்கும். அருங்காட்சியக முற்றத்துக்குள் படமெடுக்க விட்டாலும் பக்கத்து முகாமின் வாசல், கட்டடம், வாகனங்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். துப்பாக்கி ஏந்திய வீரர் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடம் 1959ஆம் ஆண்டின் தடைசெய்யப்பட்ட பகுதிகள் சட்டத்துக்கு உட்பட்டது. டிரோன் வேண்டவே வேண்டாம். ட்ரைபாட், கல்யாண ஜோடிப் படம், வணிகப் படம் என்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சக்கரக் குழி, புகைபோக்கிக் குழாய், காற்றுவாய் மூன்றிலும் குளவி கூடு கட்டும், மைனா குடியிருக்கும். தலையை விடும் முன் ஒரு நிமிடம் நின்று குளவியோ பறவையோ போய்வருகிறதா என்று பாருங்கள். நெடுநாள் வெட்டாத புல்லில் விமானத்துக்கு அடியில் கால் வைக்கும்போது பூட்ஸ் வேண்டும்.

கணினியில்

வேலை கொஞ்சம்தான். முதலில் சாய்வைச் சரிசெய்து, லென்ஸ் வளைவை நீக்குங்கள். பிறகு இறக்கை அடியின் நிழலை மென்பொருளின் நிழல் அளவுகோலில் +30 வரை வெளிச்சமாக்குங்கள். அதற்கு மேல் போனால் வயிறு சாம்பல் பூசியது போலாகும். புல்லின் பச்சை, வெள்ளை அல்லது வெள்ளி வயிற்றில் எதிரொளித்திருக்கும். செம்மண் தரை என்றால் சிவப்பு. அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பச்சையின் செறிவைக் குறையுங்கள். வெள்ளை வானத்தை மாற்றி நீல வானம் ஒட்டுவது எளிது, ஆனால் விமானத்தின் மேல் மேகமூட்ட வெளிச்சம் இருக்க, பின்னால் பட்டப்பகல் வானம் இருந்தால் பொய் பளிச்சென்று தெரியும். வானத்தை வெட்டிக் குறைத்து, விமானத்தைச் சட்டகத்தில் பெரிதாக்குவது மேல்.

கோப்பின் பெயரில் விமான வகை, வாலில் உள்ள எண், இடம், தேதி நான்கும் இருக்கட்டும். விமானப்படையின் பழைய எண்கள் எஃப்எம் என்று தொடங்கும். பிறகு வந்த முறையில் எம் எழுத்தோடு வகைக்கு ஓர் எண், நூரிக்கு எம்23, எஃப்-5க்கு எம்29, மிக்-29க்கு எம்43. காட்சிக்கு வைத்தபின் மறுபடி வண்ணம் பூசும்போது எண்ணும் சின்னமும் மாறிப்போவது உண்டு. வாலில் எழுதிய எண்ணை மட்டும் நம்பித் தலைப்பு எழுதாமல், கதவுச் சட்டத்திலோ சக்கரக் குழியிலோ ஆணியடித்திருக்கும் தயாரிப்புத் தகட்டையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தலைப்பில் இரண்டையும் எழுதுங்கள்.